பாதி உலகம் எனப்பட்ட இஸ்ஃபஹான்: கேள்வி–பதில்

இஸ்ஃபஹான் நகரைப் பற்றிய கேள்விகள் குவிந்துவிட்டன. அதனால் இந்த வாரப் பக்கங்கள் முழுவதும் அந்த ஒரே ஊருக்கு.

கேள்வி (மதுரை வாசகர்): டிவியில் இஸ்ஃபஹான் என்றாலே அணுசக்தி, குண்டுவீச்சு. இதற்கு முன் அந்த ஊர் எதற்குப் பேர் போனது?

பதில்: பாதி உலகத்தை ஒரே ஊரில் பார்த்துவிடலாம் என்பதற்கு! "இஸ்ஃபஹான் நெஸ்ஃபே ஜஹான்", அதாவது இஸ்ஃபஹான் பாதி உலகம் என்பது பாரசீகர்களின் பழைய சொலவடை. 2025 ஜூனில் தாக்கப்பட்டது அந்த நகரை ஒட்டியுள்ள அணுசக்தி மையம். ஊருக்குள் இருப்பவையோ ஆயிரம் ஆண்டு வளர்ந்த மசூதி, நானூறு ஆண்டுப் பாலங்கள், பட்டறைகள், சுமார் இருபது லட்சம் மக்கள். செய்தியில் அடிபடும் ஊரின் பெயரை மட்டும் தெரிந்துகொண்டு, அந்த ஊரைத் தெரியாமல் இருப்பது நல்லதல்ல.

கேள்வி (கரூர் வாசகர்): பாலைவன நாட்டின் நடுவில் இவ்வளவு பெரிய நகரம் எப்படி முளைத்தது?

பதில்: ஆறு. ஜாக்ரோஸ் மலைத்தொடரில் பனி உருகிக் கிளம்பும் ஜாயந்தே ரூத், சுமார் 400 கிலோமீட்டர் கிழக்கே ஓடி, காவ்கூனி என்ற சதுப்பில் முடிந்துவிடுகிறது. கடலைப் பார்க்காத ஆறு. கடலுக்குக் கொடுக்காத நீரையெல்லாம் வழியிலுள்ள வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் கொடுத்தது. அந்த ஈரத்தில்தான் கிராமம் ஊராகி, ஊர் தலைநகரானது. இஸ்ஃபஹானின் வரலாற்றை அரசர் பட்டியலாகப் படிப்பவர்கள் பாதியைத்தான் படிக்கிறார்கள். மீதிப் பாதி இந்த ஆறு.

கேள்வி (பாளையங்கோட்டை பள்ளி ஆசிரியை): எவ்வளவு பழைய ஊர்?

பதில்: சாசானியர் காலத்திலேயே (கி.பி. 3 முதல் 7-ஆம் நூற்றாண்டு வரை) படைகள் திரளும் முக்கிய இடம். அப்போது அது ஒற்றை நகரமல்ல, இரட்டை ஊர். ஆற்றங்கரையில் ஜெய். அதற்குச் சற்றுத் தள்ளி யஹூதியா, யூதர்கள் குடியிருந்த ஊர். ஏழாம் நூற்றாண்டில் அரேபியப் படைகள் வென்ற பிறகு, சில தலைமுறைகளில் யஹூதியாதான் பெரிதாக வளர்ந்தது. இன்றைய பழைய நகரம் அதன்மேல்தான் நிற்கிறது. ஜூபாரே என்ற பழைய யூதத் தெருக்களும் தொழுகைக்கூடங்களும் இன்றும் அங்கே உண்டு. பின்னாளில் இஸ்லாமியக் கலையின் உச்சம் என்று போற்றப்பட்ட நகரம், யூதக் குடியிருப்பு ஒன்றின் மேல் வளர்ந்தது என்பது எல்லோரும் அறிய வேண்டிய செய்தி.

கேள்வி (ஈரோடு வாசகர்): முழு வரலாற்றையும் ஒரே வரியில் சொல்ல முடியுமா?

பதில்: இரண்டு முறை பேரரசின் தலைநகர், இரண்டு முறை பேரழிவு, இரண்டு முறையும் கைவினைஞர்களும் தண்ணீரும் சேர்ந்து மீட்டெடுத்த ஊர்.

கேள்வி (வேலூர் மருத்துவ மாணவி): இப்னு சீனா அங்கே இருந்தாராமே?

பதில்: இருந்தார், ஏறத்தாழ 1024 முதல் இறக்கும்வரை. ஹமதானில் சிறைப்பட்டு, பிறகு சூஃபித் துறவி வேடத்தில் தப்பி இஸ்ஃபஹான் வந்து சேர்ந்தார். ஆட்சியாளர் அலாவுத் தௌலா அவரை மதித்து வைத்துக்கொண்டார். தத்துவக் களஞ்சியமான 'ஷிஃபா'வை அவர் நிறைவு செய்தது இங்கேதான். அரபியில் எழுதுவதே அறிஞர்களின் வழக்கமாக இருந்த காலத்தில், இந்த ஆட்சியாளருக்காகப் பாரசீக மொழியிலேயே ஓர் அறிவு நூலும் எழுதினார். கஜினி மஹ்மூதின் மகன் மசூதின் படை இந்நகரைச் சூறையாடியபோது அவருடைய நூல்களும் கொள்ளைபோயின. 1037-இல் படையோடு போன பயணத்தில் நோய் முற்றி ஹமதானில் இறந்தார். அவருக்குக் கடைசியாக நிம்மதியாக எழுத இடம் கொடுத்த ஊர் இஸ்ஃபஹான்.

கேள்வி (சேலம் வாசகர்): முதல்முறை தலைநகரானது எப்போது?

பதில்: செல்ஜூக் துருக்கியர் காலத்தில். துக்ரில் பெக் ஓராண்டு முற்றுகையிட்டு 1051 வாக்கில் பிடித்தார். பிடித்த ஊரை எரிக்காமல் அங்கேயே குடியேறினார்! அடுத்த ஆண்டே வந்த பயணி நாசிர் குஸ்ரோ, பாரசீக மொழி வழங்கும் நாடுகளில் இதைவிட அழகான நகரைத் தான் பார்த்ததில்லை என்கிற கருத்தைப் பதிவு செய்தார். இருநூறு நாணயமாற்றுக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஒரு கடைவீதியையும் குறிப்பிடுகிறார். முற்றுகை முடிந்து ஓராண்டில் இருநூறு பேர் பணம் மாற்றிக்கொண்டிருந்தார்கள் என்றால், அந்த ஊர் எவ்வளவு வேகமாக எழுந்து நின்றிருக்க வேண்டும்!

கேள்வி (கும்பகோணம் வாசகர்): ஆயிரம் ஆண்டுக் கோயில்கள் நம்மிடம் உண்டு. அங்கே அப்படி ஒரு கட்டடம் எது?

பதில்: ஜாமி மசூதி. எட்டாம் நூற்றாண்டில் தொடங்கி, ஒவ்வொரு காலமும் தன் பங்கைச் சேர்த்துக் கட்டிய இடம். முற்றத்தின் நான்கு பக்கமும் வானளாவிய வளைவு முகப்புகள். இந்த அமைப்பு இங்கிருந்துதான் ஈரான், மத்திய ஆசியா முழுவதும் பரவியது.

அதன் இரண்டு செங்கல் குவிமாடங்களுக்குப் பின்னால் ஓர் அரண்மனைப் போட்டி உண்டு. செல்ஜூக் அமைச்சர் நிஜாமுல் முல்க் 1086 வாக்கில் தெற்கில் ஒன்றைக் கட்டினார். அவருடைய எதிரி தாஜுல் முல்க் இரண்டே ஆண்டில் வடக்கில் இன்னொன்றைக் கட்டினார். வடக்குக் குவிமாடம் சிறியது. ஆனால் அதன் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். சதுரச் சுவர், அதன்மேல் எட்டு மூலை, அதன்மேல் பதினாறு வளைவு, அதன்மேல் வட்டம். கனம் படிப்படியாகக் கரைந்து மேலே போகும். ஓடு இல்லை, வண்ணம் இல்லை, வெறும் செங்கல். உலகின் மிகச் சீரான குவிமாடங்களில் ஒன்று என்று கட்டடக்கலை அறிஞர்கள் கொண்டாடுகிறார்கள். பொறாமையில் பிறந்ததுதான், ஆனாலும் பொறாமைக்காரர் இருவரும் போய்ச் சேர்ந்தபின் மிஞ்சியிருப்பது கொத்தனாரின் கணக்கு.

கேள்வி (சிவகாசி வாசகர்): காலண்டர் அச்சடிக்கும் ஊரிலிருந்து கேட்கிறேன். உமர் கய்யாமுக்கும் இஸ்ஃபஹானுக்கும் என்ன தொடர்பு?

பதில்: உங்கள் தொழில்தான் தொடர்பு! செல்ஜூக் சுல்தான் மாலிக் ஷா 1074-இல் கய்யாம் முதலிய வானியலாளர்களை அழைத்து இஸ்ஃபஹானில் வானாய்வுக்கூடம் அமைத்தார். அவர்கள் அளந்து கொடுத்த ஜலாலி நாட்காட்டி 1079-இல் நடைமுறைக்கு வந்தது. பகலும் இரவும் சமமாகும் வசந்த நாளில் ஆண்டு பிறக்கும். ஈரானில் இன்று சுவரில் தொங்கும் நாட்காட்டி அதன் வழி வந்ததுதான். ருபாயத் கவிஞராக மட்டுமே அவரை அறிந்தவர்கள், இரவுகளில் நட்சத்திரங்களை அளந்த கணித மேதையையும் அறிய வேண்டும்.

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): மங்கோலியர் விட்டு வைத்தார்களா?

பதில்: சில காலம் தாக்குப்பிடித்தது. ஊருக்குள் ஹனஃபி, ஷாஃபி என்று இரு பிரிவினர் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1230-களில் ஒரு பிரிவினரே கதவைத் திறந்துவிட்டார்கள். உள்ளே வந்த மங்கோலியர் இரு பிரிவையும் வெட்டினார்கள். கோட்டைச் சுவர் உயரமாக இருந்து என்ன பயன், தெருவுக்குத் தெரு பகை இருந்தால்?

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): தைமூர் செய்த கொடுமை உண்மையா, மிகையா?

பதில்: கொடுமை உண்மை. 1387-இல் நகரம் போரிடாமல் பணிந்து, பணம் கொடுக்கவும் ஒப்புக்கொண்டது. வரி வசூல் நெருக்கடி தாளாமல் ஓர் இரவு மக்கள் கிளர்ந்து வசூல்காரர்களையும் படைவீரர்களையும் கொன்றார்கள். பதிலுக்குத் தைமூர் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் இத்தனை தலை என்று கணக்கு விதித்தான். 70,000 தலைகள் என்று அக்கால வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். நகரைப் பாதி சுற்றியே தலைகளால் அடுக்கிய 28 கோபுரங்களைத் தான் எண்ணியதாக அவர்களில் ஒருவரான ஹாஃபிஸே அப்ரூ பதிந்திருக்கிறார். எண்ணிக்கையில் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் கொலைக்கு ஒதுக்கீடு போட்டு, அதைக் கணக்கெடுத்தும் வாங்கியவனை 'மாவீரன்' என்று எழுதும் புத்தகங்களை நம் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

கேள்வி (கோவை வாசகர்): ஷா அப்பாஸ் ஏன் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்?

பதில்: மூன்று காரணங்கள். அவருடைய சஃபாவிய வம்சத்தின் முந்தைய தலைநகரங்களில் தப்ரீஸ் ஒட்டோமான் எல்லைக்கு மிக அருகில் இருந்தது, கஸ்வீனும் பாதுகாப்பான தொலைவில் இல்லை. இஸ்ஃபஹான் நாட்டின் நடுவில் இருந்தது. வடக்கின் பட்டு தெற்குத் துறைமுகங்களுக்குப் போகும் வழியும் அதுதான். மூன்றாவது, எல்லாவற்றுக்கும் மேலாக ஆறு. 1598-இல் தலைநகரை மாற்றினார்.

அவர் செய்த நல்ல காரியம், பழைய ஊரை இடிக்காமல் அதன் தெற்கே ஆற்றைப் பார்த்துப் புது நகரம் எழுப்பியது. பழைய கடைவீதியின் வால் நுனியில் புதுச் சதுக்கத்தை வைத்தார். சார் பாக் என்ற மரங்கள் சூழ்ந்த நெடுஞ்சாலையை ஆறு வரை இழுத்து, பாலம் போட்டு அக்கரைக்கும் கொண்டுபோனார்.

கேள்வி (திருச்சி வாசகர்): அந்தச் சதுக்கம் எவ்வளவு பெரியது?

பதில்: நக்ஷே ஜஹான் சதுக்கம் ஏறத்தாழ 560 மீட்டர் நீளம், 160 மீட்டர் அகலம். தெற்கே ஷா மசூதி, கிழக்கே ஷேக் லுத்ஃபுல்லா மசூதி, மேற்கே அலி காப்பூ அரண்மனை, வடக்கே கய்சரியா கடைவீதியின் வாசல். இறைவன், அறிவு, அரசு, வாணிகம் நான்கும் ஒரே வெளியைச் சுற்றி. பகலில் சந்தை, விழா நாளில் போலோ விளையாட்டு. இரு முனைகளிலும் கோலுக்காக நட்ட கல் தூண்கள் இன்னமும் நிற்கின்றன. அரசர் அலி காப்பூவின் மாடத்திலிருந்து பார்ப்பார், மக்கள் கீழே நின்று பார்ப்பார்கள். ஆட்டம் இருவருக்கும் ஒன்றே. 1979-இல் ஈரானிலிருந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற முதல் மூன்று இடங்களில் இதுவும் ஒன்று.

கேள்வி (சென்னை சிவில் இன்ஜினீயரிங் மாணவர்): ஷா மசூதியில் பொறியியலாக என்ன விசேஷம்?

பதில்: இரண்டைச் சொல்கிறேன். முதலாவது, திசை. சதுக்கம் ஒரு பக்கம் பார்க்கிறது, மெக்கா வேறு பக்கம். வாசலைச் சதுக்கத்துக்கு நேராகவே வைத்து, உள்ளே நுழைந்ததும் நடைபாதையை ஏறத்தாழ 45 பாகை திருப்பிவிட்டார்கள். நடக்கிறவருக்குத் திரும்பியதே உறைக்காது. சதுக்கத்தின் ஒழுங்கும் கெடவில்லை, தொழுகையின் திசையும் தவறவில்லை.

இரண்டாவது, இரட்டைக் குவிமாடம். வெளி ஓடு ஐம்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து தொலைவிலிருந்து தெரியும். உள் ஓடு அதற்கு வெகு கீழே, உள்ளே நிற்பவரின் கண்ணுக்கும் காதுக்கும் ஏற்ற அளவில். இரண்டுக்கும் நடுவே பத்து மீட்டருக்கு மேல் வெற்றிடம். குவிமாடத்தின் நேர்கீழே தரையில் பதித்த கருங்கல்லில் நின்று கைதட்டினால் எதிரொலி அடுக்கடுக்காகத் திரும்பி வரும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஓதுகிறவரின் குரல் கடைசி வரிசைக்கும் சேர்ந்தது இப்படித்தான். 1611-இல் தொடங்கிய வேலை, அப்பாஸ் 1629-இல் இறந்த சமயத்தில்தான் முடிவை நெருங்கியது.

கேள்வி (காரைக்குடி வாசகி): ஆத்தங்குடி ஓடு பார்த்து வளர்ந்தவள் நான். அந்த நீல ஓடுகளை எப்படிச் செய்தார்கள்?

பதில்: இரண்டு முறைகள். பழையது மொஅர்ரக். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி ஓடு சுட்டு, உளியால் இதழ் இதழாக வெட்டி, குப்புற அடுக்கி, பின்பக்கம் சாந்து ஊற்றி, பலகையாக்கிச் சுவரில் பொருத்துவார்கள். மெருகு குலையாது, ஆனால் வேலை நகராது. ஷா மசூதி பிரமாண்டம், அரசருக்கோ அவசரம். அதனால் 'ஹஃப்த் ரங்கீ' என்கிற ஏழு வண்ண முறை பெரிதாகப் பயன்பட்டது. ஒரே சதுர ஓட்டில் பல வண்ணங்களைத் தீட்டி, ஒன்றோடொன்று கலக்காமல் கோடிட்டுத் தடுத்து, ஒரே சூளையில் சுடுவது. வேகம் கிடைத்தது. இரண்டையும் அருகருகே பார்க்க, மொஅர்ரக் வேலை நிறைந்த லுத்ஃபுல்லா மசூதிக்கு முதலில் போய், பிறகு ஷா மசூதிக்கு வர வேண்டும்.

கேள்வி (நாகூர் வாசகர்): லுத்ஃபுல்லா மசூதிக்கு மினார் கிடையாதாமே, ஏன்?

பதில்: ஊரைத் தொழுகைக்கு அழைக்கும் மசூதி அல்ல அது. அரச குடும்பத்துக்கான தொழுகையிடம் என்பதே பொதுவான விளக்கம். மினார் இல்லை, முற்றமும் இல்லை. ஷேக் லுத்ஃபுல்லா லெபனான் பகுதியிலிருந்து வந்த மார்க்க அறிஞர், அரசரின் மாமனார். 1603 முதல் 1619 வரை கட்டினார்கள். இருண்ட, வளைந்த நடையைத் தாண்டி உள்ளே போனால் ஒரே அறை. மேலே, உச்சியிலிருந்து விரியும் எலுமிச்சை வடிவக் கட்டங்கள் கீழே வர வரப் பெரிதாகின்றன. வெளிக் குவிமாடம் நீலமல்ல, வெளிர் சந்தன நிறம். காலை ஒரு நிறம், மாலை வேறு நிறம். கட்டடக் கலைஞர் முஹம்மத் ரேஸா தன் பெயரை உள்ளே பொறித்திருக்கிறார். கட்டியவரின் பெயரைக் காணும்போது மனம் நிறைகிறது.

கேள்வி (யாழ்ப்பாணம் வாசகர்): பாலங்களைப் பற்றிச் சொல்லுங்கள் ஐயா.

பதில்: மகிழ்ச்சியாக. சீ ஓ சே போல் என்பது 33 வளைவுகள் கொண்ட பாலம். ஏறத்தாழ 298 மீட்டர் நீளம். ஜார்ஜிய வம்சாவளித் தளபதி அல்லாவெர்தி கான் பொறுப்பில் 1602 வாக்கில் முடிந்தது.

ஆனால் என் மனம் கவர்ந்தது காஜூ பாலம். இரண்டாம் ஷா அப்பாஸ் 1650 வாக்கில் கட்டியது, சுமார் 133 மீட்டர். அது பாலம் மட்டுமல்ல, அணையும்கூட. கல் மேடையின் மேல் நிற்கும் தூண்களுக்கு நடுவே குறுகிய வாய்க்கால்கள். அவற்றில் பலகை இறக்கினால் மேல்பக்கம் நீர் உயர்ந்து, கரையோரத் தோட்டங்களுக்கான கால்வாய்களில் ஏறும். பலகையைத் தூக்கினால் கீழ்ப்பக்கக் கல் படிகளில் நீர் சலசலத்து இறங்கும். நடுவில் அரசர் அமர மண்டபம். கீழ் வளைவுகளில் மாலை நேரங்களில் ஊர்க்காரர்கள் கூடிப் பாடுவார்கள். போக்குவரத்து, பாசனம், உல்லாசம் மூன்றும் ஒரே கட்டுமானத்தில். இன்று பாலம் கட்டும் ஒவ்வொரு பொறியாளரும் ஒரு முறை இதன் படிகளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கேள்வி (புதுச்சேரி வாசகி): இஸ்லாமியத் தலைநகரில் கிறிஸ்தவத் தேவாலயம் எப்படி?

பதில்: கண்ணீரில் தொடங்கிய கதை. ஒட்டோமான்களோடு போர் நடந்தபோது, எதிரிக்கு எதுவும் மிஞ்சக் கூடாது என்று அராஸ் ஆற்றங்கரை ஜுல்ஃபாவின் ஆர்மீனியக் கிறிஸ்தவர்களை 1604-இல் ஷா அப்பாஸ் ஊரோடு கிளப்பினார். ஆற்றைக் கடக்கையில் பலர் மூழ்கினார்கள், வழியில் பலர் மாண்டார்கள். பிழைத்தவர்களுக்கு இஸ்ஃபஹானின் தென்கரையில் நிலம் கொடுத்து, வழிபாட்டுச் சுதந்திரமும் கொடுத்தார். அதுதான் புது ஜுல்ஃபா.

அரசர் வேண்டியது அவர்களுடைய வாணிகத் திறமை. 1619-இல் பட்டு ஏற்றுமதியை அரசு தன் கையில் எடுத்தபோது, ஆங்கிலேயக் கம்பெனியைவிடக் கூடுதல் விலை கேட்டு வென்றவர்கள் இவர்கள். வெளியே எளிய செங்கல்லும் உள்ளே தங்க வண்ண ஓவியங்களுமாக நிற்கும் வாங்க் தேவாலயம் அவர்களுடையது. 1638-இல் இங்கே அச்சான சங்கீதப் புத்தகம், ஈரானில் அச்சேறிய முதல் நூல் என்று கருதப்படுகிறது. பின்னாளில் கிடைத்த செழிப்பைக் காட்டி முதலில் நடந்த கொடுமையை மறைக்கக் கூடாது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி (சென்னை சைதாப்பேட்டை வாசகர்): எங்கள் ஊருக்கும் இஸ்ஃபஹானுக்கும் ஏதோ உறவு உண்டு என்கிறார்களே?

பதில்: நெருங்கிய உறவு! புது ஜுல்ஃபா வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த கோஜா பெத்ருஸ் உஸ்கான் சென்னையில் குடியேறி, 1726-இல் அடையாற்றின் மேல் தன் செலவில் பாலம் கட்டினார். மர்மலாங் பாலம் என்று அழைக்கப்பட்ட அதன் இடத்தில்தான் இன்று மறைமலை அடிகள் பாலம். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் கொடையே. 1751-இல் இறந்தார். உடல் சென்னையில் அடக்கமானது, இதயம் மட்டும் அவர் விருப்பப்படி ஜுல்ஃபாவுக்குப் போனது.

இன்னும் உண்டு. புது ஜுல்ஃபாவில் பிறந்த ஷஹாமீர் ஷஹாமீரியன் சென்னையில் அச்சகம் நிறுவி, விடுதலை பெற்ற ஆர்மீனியாவுக்கான அரசியல் சட்ட வரைவையே அச்சிட்டார். உலகின் முதல் ஆர்மீனிய இதழான 'அஸ்தரார்' 1794-இல் வெளிவந்ததும் சென்னையில்தான். பாரிமுனையின் அரண்மனைக்காரத் தெருவை ஆர்மீனியன் தெரு என்று சொல்வது இவர்களால்தான்.

கேள்வி (தூத்துக்குடி வாசகர்): உச்சத்தில் ஊர் எவ்வளவு பெரிதாக இருந்தது?

பதில்: பிரெஞ்சு நகை வணிகர் ழான் ஷார்தான் 1660-களிலும் 70-களிலும் அங்கே தங்கிக் கணக்கெடுத்தார்: 162 மசூதிகள், 48 கல்விச் சாலைகள், 1,802 வணிகச் சத்திரங்கள், 273 குளியல் கூடங்கள். மசூதியைவிடச் சத்திரம் பதினொரு மடங்கு! வந்து போகிறவர்களை நம்பி வாழ்ந்த ஊர் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கேள்வி (தேனி விவசாயி): புறாக் கோபுரம் என்கிறார்களே, அது என்ன?

பதில்: உர ஆலை. வயல் நடுவே மண் செங்கல்லில் உருண்டைக் கோபுரம். உட்சுவர் முழுவதும் ஆயிரக்கணக்கில் சிறு மாடங்கள். காட்டுப் புறாக்கள் தாமாக வந்து அடையும். பாம்பு ஏறாதபடி வெளிச்சுவரில் வழவழப்பான சாந்துப் பட்டை. ஆண்டுக்கு ஒரு முறை கதவைத் திறந்து எச்சத்தை வாரி முலாம்பழத் தோட்டங்களுக்குப் போடுவார்கள். இஸ்ஃபஹான் முலாம்பழத்தின் இனிப்புக்கு அடியில் இருந்தது இந்த உரம். ரசாயன உரம் வந்ததும் கோபுரங்கள் கைவிடப்பட்டன.

கேள்வி (தஞ்சை கல்லூரி மாணவி): பெண்கள் பெயர் ஒன்றுகூட வரவில்லையே?

பதில்: நியாயமான கேள்வி. இரண்டாம் அப்பாஸின் பாட்டி தில்லாராம் கானும் 1640-களில் கடைவீதியில் இரண்டு மதரஸாக்கள் கட்டினார். 'பாட்டி மதரஸா' என்ற பெயரிலேயே அவை இன்றும் வழங்குகின்றன. கடைசிச் சஃபாவிய அரசர்களில் ஒருவரான சுல்தான் ஹுசைன் காலத்தில் சார் பாக்கில் எழுந்த மதரஸாவை 'அரசரின் தாய் மதரஸா' என்பார்கள். பக்கத்திலேயே ஒரு சத்திரமும் கடைவீதியும் கட்டி, அவற்றின் வாடகை மாணவர்களுக்கும் பராமரிப்புக்கும் போகும்படி ஏற்பாடு. அந்தச் சத்திரம் இன்று அப்பாஸி ஹோட்டல்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): இஸ்ஃபஹான் பிரியாணி எங்கள் ஆம்பூர் பிரியாணிக்கு ஈடாகுமா?

பதில்: போட்டியே இல்லை, ஏனென்றால் அதில் அரிசியே கிடையாது! அங்கே 'பெர்யானி' என்பது கொத்தி மசாலா சேர்த்த ஆட்டிறைச்சியைச் சிறு கரண்டிச் சட்டியில் வறுத்து, ரொட்டிமேல் வைத்துத் தருவது. இரண்டையும் பசியோடு மதிப்போம்.

கேள்வி (விருதுநகர் வாசகர்): இவ்வளவு செழித்த தலைநகர் எப்படி வீழ்ந்தது?

பதில்: பட்டினியால். 1722 மார்ச்சில் குல்னாபாத் போரில், எண்ணிக்கையில் பெரிய சஃபாவியப் படையை ஆப்கானியத் தலைவர் மஹ்மூதின் படையினர் தோற்கடித்தார்கள். கோட்டையை உடைக்க அவர்களிடம் பெரிய பீரங்கிகள் இல்லை. அதனால் வழிகளை அடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஊருக்குள் குதிரை, கழுதை, நாய், பூனை, மரப்பட்டை என்று தின்று தீர்த்தார்கள். இறந்தவர்கள் பல்லாயிரம். அக்டோபரில் சுல்தான் ஹுசைன் வெளியே வந்து தன் முடியை மஹ்மூதுக்குக் கொடுத்தார். அரண்மனைப் பூசல்களில் திறமையான தளபதிகளை ஒதுக்கிய அரசுக்காகச் சாகவேண்டி வந்தவர்கள் சாதாரண ஜனங்கள்.

கேள்வி (கடலூர் வாசகர்): பிறகு?

பதில்: 1729-இல் நாதிர் மீட்டார். நம் தில்லியை 1739-இல் சூறையாடிய அதே நாதிர் ஷா. ஆனால் அவர் கவனம் மஷ்ஹதுக்குப் போனது. அடுத்து ஷிராஸ், அதற்கடுத்து தெஹ்ரான் தலைநகராயின. 1874 முதல் 1907 வரை ஆளுநராக இருந்த ஜில்லுஸ் சுல்தான், தைமூருக்கே எட்டாத ஒன்றைச் செய்தார். சஃபாவிய அரண்மனைகள் பலவற்றைச் சொந்த ஊர் ஆட்சியாளரே இடித்துத் தள்ளினார். அத்தனைக்கும் பிறகு ஊரைத் தாங்கியவர்கள் செம்பு தட்டுகிறவர்கள், கம்பளம் நெய்கிறவர்கள், மரக்கட்டை அச்சால் கலம்காரித் துணி அடிக்கிறவர்கள். அரசவை போனாலும் பட்டறை போகவில்லை.

கேள்வி (திருவையாறு விவசாயி): ஜாயந்தே ரூத் இன்று எப்படி இருக்கிறது?

பதில்: காவிரிக் கரையிலிருந்து கேட்கிறீர்கள், மறைக்காமல் சொல்கிறேன். கடந்த இருபது ஆண்டுகளுக்கு மேலாக, ஆண்டின் பெரும்பகுதி நகருக்குள் ஆறு வறண்டு கிடக்கிறது. 33 வளைவுகளின் கீழே வெடித்த சேறு. மேலே அணை, எஃகு ஆலைகள், பெருகிய சாகுபடி, குழாய் வழியே யஸ்த் நகருக்குப் போகும் நீர், இவற்றோடு மழைக் குறைவு. 2021 நவம்பரில் ஆயிரக்கணக்கான விவசாயிகளும் நகரவாசிகளும் காஜூ பாலத்தருகே வறண்ட ஆற்றுப் படுகையில் கூடித் தண்ணீர் கேட்டார்கள். நிலத்தடி நீரை உறிஞ்சியதால் தரை இறங்குகிறது, பழைய கட்டடங்களில் விரிசல். ஈரத்தில் நிற்கும்படி போட்ட பாலங்களின் அடித்தளம் காய்ந்தால் பலவீனப்படும் என்று பாதுகாப்பு வல்லுநர்கள் எச்சரிக்கிறார்கள். முன்பு கலம்காரித் துணிகளை அலசி உலர்த்தியதும் இந்த ஆற்றில்தான்.

கேள்வி (மன்னார்குடி வாசகர்): அந்தக் காலத்தில் எப்படிப் பங்கிட்டார்கள்?

பதில்: எழுதி வைத்து. சஃபாவிய கால அறிஞர் ஷேக் பஹாயியின் பெயரால் வழங்கும் தோமார் என்ற பங்கீட்டு ஆவணம் ஆற்றை 33 பங்குகளாக்கி, எந்த வட்டாரத்துக்கு எத்தனை பங்கு, எந்தப் பருவத்தில் என்று வரையறுத்தது. மாதி என்கிற கால்வாய்கள் வழியே தோட்டம்வரை நீர் போனது. மேல்மடைக்காரன் எடுத்தது போக மிச்சம் கீழ்மடைக்கு என்ற ஏற்பாடு அல்ல அது. கடைமடைக்கும் பெயர் சொல்லிப் பங்கு இருந்தது.

கேள்வி (பெரம்பலூர் வாசகர்): கடைசியாக, இந்த நகரம் பிழைக்குமா?

பதில்: தைமூரிடமிருந்து பிழைத்தது, பட்டினியிலிருந்து பிழைத்தது. அப்போதெல்லாம் ஊர் அழிந்தாலும் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. பிழைத்தவர்கள் மறுபடி விதைக்க முடிந்தது, செங்கல் அறுக்க முடிந்தது. இம்முறை கட்டடங்கள் நிற்க, ஆறு நின்றுவிட்டது. ஆகவே குவிமாடத்து ஓட்டைப் புதுப்பிக்கச் செலவிடும் அக்கறையில் பாதியாவது ஆற்றுக்குப் போக வேண்டும். அணையிலிருந்து காவ்கூனி சதுப்பு வரை ஒவ்வொரு வட்டாரத்துக்கும் உரிய பங்கை மறுபடி எழுத வேண்டும். எழுதியதை மதிக்கவும் வேண்டும். படுகையில் கூடிய விவசாயிகள் கேட்டது இவ்வளவுதான். அதைக் கொடுத்தால் பாதி உலகம் பிழைக்கும். கொடுக்காவிட்டால், மிஞ்சுவது பார்க்க அழகான அருங்காட்சியகம். ஊர் இருக்காது.